சுருட்டுப் பேழையின் கதை

நாணயம் சேர்ப்பவர் தாம் சேர்த்த நாணயத்தைச் செலவிடுவதில்லை. முத்திரை சேர்ப்பவர் அதனைக் கடிதத்தில் ஒட்டி அனுப்புவதில்லை. சேர்த்த பொருள் சேர்த்தபடியே இருத்தல் வேண்டும் என்பது அப்பொழுதுபோக்குகளின் விதி. சுருட்டுச் சேர்ப்போரின் வழக்கம் இதற்கு மாறானது. ஒருநாள் எரித்துச் சாம்பலாக்குவதற்கென்றே ஒரு பொருளை அவர்கள் ஆண்டுக்கணக்காகப் பேணுகின்றனர். அதற்கெனத் தனிப் பேழை செய்கின்றனர். பேழையினுள் ஈரத்தை அளக்கக் கருவி வைக்கின்றனர். சிலர் தனி அறையே அமைக்கின்றனர். இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றியது, அதன் பின்னால் நின்ற கைகள் யாருடையவை என்பன அறியத்தக்கவை.

கதை 1492ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. கொலம்பஸ் கியூபாத் தீவை அடைந்தபோது, உள்நாட்டைப் பார்த்துவருமாறு ரொட்ரிகோ டி ஹெரேஸ், லூயிஸ் டி தோரெஸ் என்னும் இருவரை அனுப்பினார். அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் உலர்ந்த இலைகளைச் சுருட்டி, ஒரு முனையிலே தீயிட்டு, மறு முனையாற் புகையை உறிஞ்சுவதை அவ்விருவரும் கண்டனர். ஐரோப்பியர் புகையிலைச் சுருளைக் கண்ட செய்திகளுள் இதுவே புகழ்பெற்றது. அத் தைனோ மக்கள் அடுத்த சில தலைமுறைகளுக்குள்ளே நோயாலும் கொடுமையாலும் பெரும்பாலும் அழிந்துபட்டனர். அவர்களுடைய வழக்கம் மட்டும் கடல் கடந்து உலகெங்கும் பரவியது.

புகையிலை தமிழ் நாட்டுக்கும் ஈழத்துக்கும் வந்தபோது தமிழர் அச்சுருளுக்குச் சுருட்டு என்று பெயரிட்டனர். இச்சொல்லே ஐரோப்பியர் நாவிற் புகுந்து ஆங்கிலத்திலே ‘செரூட்’ என்று வழங்கலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்திலும் பெயர் பெற்றிருந்தது. 1887இல் வெளிவந்த முதலாவது ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலே, கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டே என்று அத்துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே கண்டறிகின்றார். எனினும் பேழையிலிட்டுப் பேணும் வழக்கம் கியூபாவின் தலைநகராகிய ஹவானாவின் சுருட்டோடுதான் வளர்ந்தது.

தொடக்கத்திலே ஸ்பானிய அரசு புகையிலை வாணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. கியூபாவில் விளைந்த இலை கப்பலேறி ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரை அடைந்தது. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பப்பெற்ற அரச புகையிலை ஆலை அக்காலத்துப் பெருங் கட்டடங்களுள் ஒன்று. இன்று அதிலே செவில் பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது. நெப்போலியனை எதிர்த்து ஸ்பெயின் மண்ணிலே போரிட்ட ஆங்கிலப் படையினர் சுருட்டுப் பழக்கத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1817இல் ஸ்பானிய மன்னர் தனியுரிமையை நீக்கவே, கியூபாவினர் தம் இலையைத் தாமே சுருட்டி எந்நாட்டுக்கும் விற்கும் உரிமை பெற்றனர். அதன் பின்னர் ஹவானாவிலே ஆலைகள் பெருகின. 1844இல் ஊப்மான் என்னும் ஜேர்மானியர் பெயராலும், 1845இல் பார்த்தகாஸ் என்பவர் பெயராலும் தோன்றிய சுருட்டு வகைகள் இன்றும் வழக்கில் உள்ளன.

பேணுதலின் காரணத்தை அறிய இலையின் இயல்பை அறிதல் வேண்டும். கியூபாவின் மேற்குக் கோடியிலே பினார் டெல் ரியோ மாகாணத்தில் வுவெல்தா அபாஹோ என்னும் நிலப்பகுதி உள்ளது. அங்கு விளையும் இலையைக் கொட்டில்களிலே தொங்கவிட்டு உலர்த்துவர். பின்னர் ஈரம் தெளித்துக் குவியலாக அடுக்குவர். குவியல் தானே சூடேறிப் புளிக்கும்; அப்போது கார நெடி வெளியேறி, இலையின் கடுமை தணியும். யாழ்ப்பாணத்திலே தென்னம் பொச்சுமட்டைப் புகையூட்டிப் புகையிலையைப் பதப்படுத்துவதும் இலையின் பச்சைத் தன்மையை நீக்குவதற்கே. முறை வேறு, நோக்கம் ஒன்று. இவ்வாறு பதமான இலைகளுட் சில உள்ளீடாகவும், ஒன்று அதனைப் பிணிக்கும் கட்டிலையாகவும், மென்மையும் அழகும் மிக்க ஒன்று மேலிலையாகவும் அமையச் சுருட்டு உருவாகின்றது.

சுருட்டிய பின்னரும் இலையினுள்ளே மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்கின்றது. ஈரம் வற்றினால் நறுமண எண்ணெய் போய்விடும், மேலிலை வெடிக்கும், புகை சுடும். ஈரம் மிகுந்தாற் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலாற் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை இருக்குமாறும், வெப்பம் 18 பாகை முதல் 20 பாகை வரை இருக்குமாறும் காப்பர். வெப்பம் 25 பாகையளவுக்கு ஏறினாற் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து, புழுக்கள் சுருட்டைத் துளைத்துவிடும். ஒரு சுருட்டிலே தோன்றிய புழு ஒரு பேழை முழுவதையும் பாழாக்க வல்லது.

இக்காவலுக்கு ஹவானா வணிகர் கண்ட துணை ஒரு மரம். ஸ்பானிய தேவதாரு என்று அதனை அழைப்பர். உண்மையில் அது தேவதாரு இனத்தைச் சேர்ந்ததன்று. நம் வேம்பு சேர்ந்த தாவரக் குடும்பத்தையே சேர்ந்தது. அம்மரம் ஈரத்தை ஏற்று மெல்ல வெளிவிடும், மணமும் உடையது, பூச்சியையும் ஓரளவு அண்டவிடாது. ஊப்மான் தம் சுருட்டுகளை அம்மரப் பெட்டிகளில் இட்டு இலண்டனுக்கு அனுப்பினார் என்றும், பெட்டியிற் சுருட்டு விற்கும் வழக்கம் அவ்வாறே பரவியது என்றும் கூறுவர். பெட்டியின் மேல் வண்ணப் படங்களும், சுருட்டின் மேல் பொன்னிறக் காகித வளையங்களும் வந்தன. போலிச் சரக்குகள் பெருகியமையால் 1912இல் கியூபா அரசு பெட்டிகளின் மேல் ஒட்டுதற்கு நம்பிக்கை முத்திரை ஒன்றைச் சட்டத்தால் ஏற்படுத்தியது.

இலண்டனின் குளிர்ந்த நிலவறைகள் சுருட்டைப் பேணுதற்கு வாய்ப்பாயிருந்தன. வணிகர் தம் வாடிக்கையாளருக்கென்று வாங்கிய பெட்டிகளைத் தம் கடையிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்துக் காத்துக் கொடுத்தனர். அல்பிரட் டன்ஹில் என்பவர் 1907இல் இலண்டன் டியூக் வீதியில் திறந்த கடை இத்தகைய காவலுக்குப் பெயர் பெற்றது. அக்கடையை நாடியோருள் ஒருவர் வின்ஸ்டன் சேர்ச்சில். அவர் 1895ஆம் ஆண்டு, தம் இருபத்தோராம் வயதெய்திய நாட்களிலே, கியூபாவில் நடந்த போரைக் காணச் சென்றார். ஹவானாச் சுருட்டின் மீது அவர் கொண்ட விருப்பம் அன்று முதல் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. சார்ட்வெல் என்னும் அவரது இல்லத்திலே ஆயிரக்கணக்கான சுருட்டுகள் பேணப்பட்டன. 1941 ஏப்பிரலில் ஜேர்மன் குண்டுவீச்சால் டன்ஹில் கடை சிதைந்தபோது, அவருடைய சுருட்டுகள் பத்திரமாயுள்ளன என்று நள்ளிரவு கடந்த வேளையிலே தொலைபேசியிற் செய்தி தெரிவிக்கப்பட்டது என்றொரு கதை வழங்குகின்றது.

பேழையின் வரலாறு இவ்வாறு செல்வர் மாளிகையிலே முடிகின்றது. ஆயினும் அச்சுருட்டுகளைச் சுருட்டியவர்களின் வரலாறு இதனினும் பெரிது.

ஹவானா ஆலைகளிலே நூற்றுக்கணக்கானோர் நிரைநிரையாக மேசைகளின் முன் அமர்ந்து சுருட்டுவர். கைக்கு ஓயாத வேலை, காதுக்கு வேலையில்லை. 1865இல் எல் பீகரோ என்னும் ஆலையிலே தொழிலாளர் ஒரு வழி கண்டனர். தம்முள் ஒருவரை உயர்ந்த மேடையில் அமர்த்தி, உரத்து வாசிக்கச் செய்தனர். அவருக்குரிய கூலியைத் தங்கள் கூலியிலிருந்து அவர்களே சேர்த்துக் கொடுத்தனர். காலையிற் செய்தித்தாள், பின்னர் வரலாறும் நாவலும் என வாசிப்பு நடந்தது. எந்நூலை வாசிப்பது என்பதை வாக்களித்துத் தீர்மானித்தனர். வாசிப்பு மனத்துக்கு இசைந்தால், இலை வெட்டும் கத்தியாற் பலகையைத் தட்டித் தம் மகிழ்ச்சியை வெளிப்படுத்தினர். எழுத்தறியாதவரும் விக்டர் ஹியூகோவை அறிந்தனர். மொன்டே கிறிஸ்டோ என்னும் சுருட்டின் பெயர் அலெக்சாந்தர் டூமாவின் நாவலை ஆலையிலே கேட்ட விருப்பத்தால் எழுந்தது என்பர்.

கேட்கத் தொடங்கியவர்கள் சிந்திக்கவும் தொடங்கினர். ஆட்சியாளருக்கு இது பிடிக்கவில்லை. 1866இலேயே ஸ்பானிய ஆளுநர் ஆலை வாசிப்பைத் தடைசெய்தார். பின்னர் விடுதலைப் போர் மூண்டபோது தொழிலாளர் பலர் கடல் கடந்து அமெரிக்காவின் கீ வெஸ்ட், தம்பா ஆகிய ஊர்களிற் குடியேறினர்; வாசகரின் மேடையும் அவர்களோடு சென்றது. கியூப விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி 1891இல் தம்பாவுக்கு வந்து அவர்களிடையே உரையாற்றினார். சுருட்டுத் தொழிலாளர் தம் கூலியில் ஒரு பங்கை விடுதலைக்கென ஒதுக்கினர். 1895இல் கிளர்ச்சி தொடங்குமாறு மார்த்தி விடுத்த ஆணை ஒரு சுருட்டினுள் மறைத்துக் கொண்டு செல்லப்பட்டது என்று மக்கள் இன்றும் கூறுவர். அந்தப் போரைக் காண வந்தவரே இளைஞர் சேர்ச்சில். அவர் மாளிகையிலே சேர்ந்த சுருட்டும் அப்போருக்குப் பொருள் கொடுத்த கூலியும் ஒரு தொழிலின் இரு முனைகளாகும்.

1931இல் தம்பா ஆலை முதலாளிகள் வாசகரை நீக்கினர். தொழிலாளர் மறுத்துப் போராடியும் பயனில்லை. வாசகர் மேடைகள் அகற்றப்பட்டன. அவ்விடத்திற்கு வானொலிப் பெட்டி வந்தது. கியூபாவிலோ வானொலி வந்த பின்னரும் வாசகர் நிலைத்து நின்றார். வானொலி தான் விரும்பியதைச் சொல்லும். வாசகர் கேட்போர் விரும்பியதை வாசிப்பார். இந்த வேறுபாட்டை அத்தொழிலாளர் நன்கு உணர்ந்திருந்தனர். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் சுருட்டியவாறே செவிமடுத்த வழக்கம் இருந்தமையை மூத்தோர் அறிவர். கியூபாவைக் கண்டறியாத கைகளும் அதே தேவையை உணர்ந்து அதே வழியைக் கண்டன.

1959ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து, 1960இல் கியூபாவின் சுருட்டுத் தொழில் அரசுடைமையாயிற்று. உரிமையாளர் பலர் நாட்டை விட்டகன்று, டொமினிக்கன் குடியரசு முதலிய இடங்களிலே பழைய பெயர்களோடு புதிய ஆலைகள் நிறுவினர். இதனால் ஒரே பெயரில் இரு நாட்டுச் சுருட்டுகள் தோன்றின. 1962 பெப்ரவரியிலே அமெரிக்க அதிபர் கென்னடி கியூப வாணிகத்துக்கு முழுத் தடை விதித்தார். கையொப்பமிடுவதற்கு முந்திய மாலையிலே, தமக்கு விருப்பமான ஊப்மான் சிறு சுருட்டு ஆயிரம் வாங்கிவருமாறு அவர் தம் செய்திச் செயலாளர் பியர் சாலிஞ்சரைப் பணித்தார் என்றும், மறுநாட் காலை 1,200 கிடைத்தன என்று கேட்ட பின்னரே கையொப்பமிட்டார் என்றும் சாலிஞ்சரே பின்னாளில் எழுதினார். அத்தடையினால், அமெரிக்கரின் பேழைகளில் எஞ்சியிருந்த ஹவானாச் சுருட்டுகள் கிடைத்தற்கரிய பொருள்களாயின. பேணும் பழக்கம் பொழுதுபோக்கு என்னும் நிலையினின்று ஏலச் சந்தை வரை வளர்ந்தது.

இப்பொழுதுபோக்கின் தீங்கையும் கூறாது விடுதல் முறையன்று. சுருட்டுப் புகையை உள்ளிழுப்பதில்லை, ஆதலாற் கேடில்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஆய்வு நூல் அவ்வெண்ணம் தவறென்று காட்டியது. வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றிலே புற்றுநோய் உண்டாதற்குச் சுருட்டும் காரணமாகும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பெட்டியளவு புகையிலை இருத்தலும் கூடும். இலங்கையும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் வாயிலாகப் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தது. மரப்பேழை இலையைக் காக்கும். இலையைப் புகைப்பவரைக் காக்க அதனால் இயலாது.

எத்துணைக் கருத்தோடு பேணினும் சுருட்டின் முடிவு ஒரு பிடி சாம்பலே. அதனைச் சுருட்டிய மண்டபத்திலே எழுந்த வாசகரின் குரல் அவ்வாறு அழியவில்லை. 2012இல் கியூபா அவ்வாசிப்பு மரபைத் தன் நாட்டின் பண்பாட்டுச் செல்வமென அறிவித்தது. 1865இல் சில தொழிலாளர் தம் சிறு கூலியிலிருந்து காசு கூட்டித் தொடக்கிய மரபு அது. அவர்கள் விட்டுச் சென்ற உடைமைகளுள் மிகுந்த விலையுடையதும் அதுவே.