வீட்டு நாய்க்கு மூட்டுவாதம்: என்ன வைத்தியம் இருக்கிறது?

அம்மாவுக்கும் எங்கள் வீட்டு லாப்ரடோருக்கும் ஒரே வருத்தம்: மூட்டுவாதம். சென்ற மாரியில் ஒருநாள், நாய் எழும்ப முடியாமல் அந்தரப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தான் போடும் ஐபுபுரோஃபென் குளிசையைப் பாணுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். அன்றிரவு நாய் சத்தியெடுத்தது. மறுநாள் மலம் தார்போலக் கறுப்பாகப் போனது. வயிற்றில் புண் வந்து இரத்தம் கசிந்திருக்கிறது. மூன்று நாள் சேலைன் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள்.

அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதற்கு முன் எட்டு மாதமாக நாய் நொண்டியதை, "அதுக்கும் வயசு போட்டுது" என்று விட்டுவைத்தவன் நான்தான்.

நாய் வலிக்கிறது என்று கத்துவது குறைவு. படுத்து எழும்பும்போது விறைப்பாக இருக்கும், கொஞ்சத் தூரம் நடந்தபின் சரியானதுபோலத் தெரியும். காரில் ஏறத் தயங்கும். ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்கும். பின்தொடைச் சதை வற்றும். பிள்ளைகள் இடுப்பில் தடவினால் சினக்கும். மிருக வைத்தியரின் மேசைக்குப் போனதும் பயத்தில் நொண்டாமல் நடக்கும் நாய்களும் உண்டு. ஆகவே வீட்டில் நடப்பதைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மனிதருக்குப்போல வயது மட்டும் இதற்குக் காரணமல்ல. பெரும்பாலும் இடுப்பு அல்லது முழங்கை மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்வதும், முழங்கால் இணைப்பு நார் அறுவதும்தான் தொடக்கம். லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பேர்ட், ரொட்வைலர் போன்ற பெரிய இனங்களில் இது அதிகம். தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளரவைக்கும் மருந்து இல்லை. வலியைக் குறைத்து நடக்கவைப்பதுதான் வைத்தியத்தின் நோக்கம்.

முதல் வைத்தியம் காசில்லாதது: எடையைக் குறைப்பது. 48 லாப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவை நடுவளவில் 13 வயதுவரை இருந்தன, மற்றவை 11.2 வயதுவரை. மூட்டுவாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. எங்கள் வீடுகளில் இதுதான் கடினமான வைத்தியம். பிள்ளைகள் அளந்து வைப்பார்கள். அம்மம்மா மேசைக்குக் கீழே ரொட்டித் துண்டு போடுவார். கறிச்சோறு எடையை மட்டும் கூட்டுவதில்லை. அதிலுள்ள வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். விலாவைத் தடவினால் எலும்பு இலேசாகக் கைக்குத் தட்டுப்படவேண்டும், அதுதான் சரியான உடம்பு.

அடுத்தது வலியையும் அழற்சியையும் குறைக்கும் குளிசைகள்: கார்புரோஃபென், மெலோக்சிகாம், ஃபைரோகோக்சிப் போன்றவை. பல நாய்களுக்குச் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். தொடங்குமுன் ஈரலையும் சிறுநீரகத்தையும் இரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள், பிறகும் இடையிடையே பார்க்கவேண்டும். ஸ்டீரொயிட் மருந்தோடு இவற்றைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. சத்தி, வயிற்றோட்டம், கறுப்பு மலம், சாப்பாட்டில் வெறுப்பு என்று எதைக் கண்டாலும் குளிசையை நிறுத்திவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் எங்கள் குளிசை அவற்றுக்கு ஆகாது: 10 கிலோ நாய்க்கு மெலோக்சிகாம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம், மனிதர் குளிசையில் இருப்பதோ 7.5 அல்லது 15. ஐபுபுரோஃபென், நப்ரொக்சென், டைக்ளோஃபெனக் மூன்றையும் ஒருபோதும் கொடுக்கவேண்டாம். மூட்டுக்குப் பூசும் காரமான தைலங்களும் வேண்டாம், நாய் அதை நக்கி விழுங்கிவிடும்.

மாதம் ஒருமுறை தோலுக்குக் கீழே போடும் ஊசி ஒன்றும் வந்திருக்கிறது: பெடின்வெட்மாப், விற்பனைப் பெயர் லிப்ரெலா. வலியைக் கடத்த உதவும் நரம்பு வளர்ச்சிக் காரணியை இது தடுக்கிறது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி கிடைத்தது. குளிசை ஒத்துக்கொள்ளாத நாய்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் தள்ளாட்டம், வலிப்பு, சிறுநீர் கசிதல் போன்றவை சில நாய்களில் அறிவிக்கப்பட்டதையடுத்து, 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மிருக வைத்தியர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஊசி போடுமுன் இதை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

கபாபென்டின், அமன்டடீன் இரண்டும் துணை மருந்துகள். மனிதருக்கான கபாபென்டின் பாணி மருந்தில் நாய்க்கு நஞ்சான சைலிட்டோல் இருக்கக்கூடும், கவனம். மீன் எண்ணெய்க்கு ஓரளவு ஆதாரம் உண்டு. குளுக்கோசமினுக்கு ஆதாரம் பலவீனம். அதன் விலைக்கு நான் வாங்கமாட்டேன். தண்ணீருக்குள் ஓடும் பட்டியில் நடக்கவைக்கும் பிசியோதெரபி சதையைப் பலப்படுத்தும். இடுப்பு மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது, செலவு அதிகம். காப்புறுதி எடுக்க நினைப்பவர்கள் நாய் இளமையாக இருக்கும்போதே எடுக்கவேண்டும். ஏற்கெனவே பதிவான வருத்தத்தை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

வழுக்கும் பலகைத் தரையில் கம்பளம் விரியுங்கள். நகத்தைக் கட்டையாக வெட்டுங்கள். ஒரேயடியாக ஒரு மணிநேரம் கூட்டிப்போகாமல், பத்துப் பதினைந்து நிமிடமாக இரண்டு மூன்று தடவை நடக்கவிடுங்கள்.

எங்கள் நாய் வயிற்றுப்புண் ஆறும்வரை குளிசை இல்லாமல் இருந்தது, இப்போது ஊசியில் நிற்கிறது. ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. பகலில் அதோடு வீட்டில் இருப்பது அம்மாதான், மருந்துப் போத்தலின் ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. அதனால் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது, எப்போது என்னைக் கூப்பிடவேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். அம்மாவின் குளிசைகள் இப்போது வேறு அலுமாரியில்.