படுக்கைக்காக அகலமான விமானம்

'டகோட்டா' என்னும் பெயரைப் போர் வரலாறுகளில் நீங்கள் படித்திருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் வீரர்களையும் வெடிமருந்தையும் சுமந்து திரிந்த அந்த விமானம் போருக்காகப் பிறந்ததன்று. இரவுப் பயணிகள் படுத்துறங்கிச் செல்வதற்காகப் பிறந்தது. அப்படிப்பட்டது போர்ச்சுமையை எவ்வாறு தாங்கியது? விடை காண 1931-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு மார்ச் 31-இல், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபோக்கர் பயணி விமானம் ஒன்றின் மரஇறக்கை நடுவானில் முறிந்தது. புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உட்பட எண்மர் மாண்டனர். ஈரம் புகுந்து இறக்கையின் பசை ஒட்டு தளர்ந்ததே காரணம் எனக் கண்டனர். மரவிமானத்தை மக்கள் நம்ப மறுத்தனர். விபத்துக்குள்ளான டி.டபிள்யூ.ஏ. கம்பெனிக்கு உலோக விமானம் உடனே தேவைப்பட்டது. ஆனால் போயிங் 247 விமானத்தின் முதல் அறுபதும் போட்டிக் கம்பெனியான யுனைட்டெடுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே 1932 ஆகஸ்டு 2 அன்று டி.டபிள்யூ.ஏ.வின் ஜாக் ஃப்ரை, விமானம் கட்டுவோருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். மூன்று எஞ்சின் கொண்ட உலோக விமானம் வேண்டும். அவற்றில் எந்த இரண்டைக் கொண்டும், நிறைசுமையுடன், தங்கள் விமான நிலையம் எதிலிருந்தும் அது எழும்ப வேண்டும் என்பது நிபந்தனை.

டொனால்ட் டக்ளஸின் பொறியாளர்கள் இரண்டே எஞ்சின் போதும் என்று துணிந்தனர். அப்படியானால் ஒன்று நின்றபின் மற்றொன்றே முழுச்சுமையையும் தூக்க வேண்டும். இது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். மட்டமாகப் பறக்க, மொத்தத் திறனில் நூற்றுக்கு நாற்பது பங்கு வேண்டும் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரு எஞ்சினும் ஓடினால் மேலேறுவதற்கு மிஞ்சுவது அறுபது. ஒன்று நின்றால் பத்தே. திறன் பாதியானதும் ஏறும் வேகம் ஆறில் ஒன்றாகிவிடுகிறது! ஒருபக்க இழுப்பைச் சமாளிக்கச் சுக்கானைத் திருப்பினால் அதனாலும் காற்றுத்தடை கூடும்.

ஆகவே தடையைக் குறைப்பதே வழி. சக்கரங்கள் உள்ளே மடங்கின. எஞ்சின்களுக்குக் கவசம் வந்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளைச் சோதித்து உருவத்தைத் திருத்தினர். ஜாக் நார்த்ராப் வகுத்த முறைப்படி, இறக்கையின் உட்புறம் பல சிற்றறைகளாக அமைந்தது. பளு ஓரிடத்தில் குவியாமல் எல்லா அறைகளுக்கும் பகிரப்பட்டது.

முதல் விமானமான டி.சி.1, 1933 ஜூலை 1-இல் எழும்பியதுமே எஞ்சின்கள் இருமத் தொடங்கின. மூக்கைத் தாழ்த்தினால் ஓடின. உயர்த்தினால் மீண்டும் திணறின. கார்புரேட்டரின் மிதவை திசைமாறிப் பொருத்தப்பட்டிருந்ததால், மேல்நோக்கிச் சாயும்போதெல்லாம் எரிபொருள் அடைபட்டது. தேர்ந்த பொறியாளர் கூட்டத்தையும் ஒரு மிதவை ஆட்டிவைத்தது.

செப்டம்பரில் அரிசோனாவின் வின்ஸ்லோ நிலையத்தில் உண்மைச் சோதனை நடந்தது. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள அவ்விடத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. அங்கே ஓர் எஞ்சினை நிறுத்திவிட்டு, மற்றொன்றால் எழும்பி ஆல்புகர்க்கி வரை பறந்து காட்டினர். இவ்விமானத்தின் வரலாற்றில் தலையாய நாள் இதுவே என்பது என் கருத்து.

அடுத்து வந்த டி.சி.2-இன் அறை 66 அங்குல அகலமே. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித் படுக்கை விமானம் கேட்டார். அதற்காக அறை 92 அங்குலமாக அகன்றது. இறக்கையின் வீச்சு 85 அடியிலிருந்து 95 அடியாயிற்று. 1935 டிசம்பர் 17-இல் பறந்த இதில் பதினான்கு படுக்கைகள். படுக்கையின்றி இருக்கை மட்டும் போட்டால் இருபத்தொருவர் அமரலாம். அவ்வாறு அமைந்ததே டி.சி.3.

போர் வந்தது. பின்புறம் பெரிய சரக்குக் கதவு, உறுதியான தளம், பக்கச் சுவரோரமாக நீண்ட இருக்கைகள், 1,200 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டு என மாற்றி, அமெரிக்கப் படை அதற்கு சி.47 என்று பெயரிட்டது. பிரிட்டிஷார் டகோட்டா என்றனர். ஜீப் வண்டியின் அகலம் 62 அங்குலம். டி.சி.2-இன் அறையில் அதன் இருபுறமும் இரண்டிரண்டு அங்குலமே மிஞ்சியிருக்கும். படுக்கைக்காகக் கூடிய 26 அங்குலம் போருக்குப் பயன்பட்டது. இவ்வகை இராணுவ விமானங்கள் அமெரிக்காவில் மட்டும் 10,000-க்கு மேல் கட்டப்பட்டன.

இறக்கையின் உறுதிக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1941-இல் சீனாவில் ஒரு டி.சி.3-இன் வலது இறக்கையை ஜப்பானியக் குண்டு சிதைத்தது. கைவசம் இருந்ததோ டி.சி.2-இன் இறக்கை, ஐந்தடி குட்டை. வெளி இறக்கை போல்ட்டுகளால் இணையும் அமைப்பு ஆதலால், அதனை ஹாங்காங்கிலிருந்து வேறொரு விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுவந்து பூட்டினர். பறந்தது! 'டி.சி.இரண்டரை' என்று அதற்குப் பட்டமும் கிடைத்தது.

ஆனால் ஃப்ரை கேட்ட பாதுகாப்பு எப்போதும் நிலைக்கவில்லை. 1942-இல் பர்மா சாலை ஜப்பானியர் கைப்பட்டபின், அசாமிலிருந்து சீனாவின் குன்மிங்குக்கு மலைகளைத் தாண்டிச் சரக்கு பறந்தது. மலைத்தொடர்களைக் கடக்கப் பதினைந்தாயிரம் அடிவரை ஏற வேண்டியிருந்தது. மெல்லிய காற்றில், அளவுக்கு மீறிய சுமையுடன், ஒற்றை எஞ்சினால் அவ்வுயரத்தில் நிலைக்க இயலாது. எஞ்சின் நின்றால் சரக்கை வெளியே தள்ள வேண்டும். அல்லது பாரசூட்டில் குதிக்க வேண்டும். பயணிக்காகச் சேமித்த எச்சரிக்கையைப் போர் சுமையாக மாற்றிச் செலவழித்தது. பல வகை விமானங்கள் நூற்றுக்கணக்கில் அவ்வழியில் அழிந்தன.

போர் முடிந்ததும் எஞ்சிய டகோட்டாக்களை மலிவாக வாங்கி இந்தியாவில் பல விமானக் கம்பெனிகள் தோன்றின. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு நம் படைவீரர்களைக் கொண்டுசென்றவையும் டகோட்டாக்களே. 1949 ஜனவரியில் இரவு அஞ்சல் பணி தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடின. அங்கே அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் ஊர் திரும்பின.