தபாலில் வந்த பல்கலைக்கழகம்

கைப்பேசியிலேயே பட்டம் படிக்கலாம் என்று இப்போது நாளிதழைத் திறந்தால் விளம்பரம். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே பேச்சு தொலைக்காட்சியைப் பற்றி நடந்தது. நடந்த இடம் இங்கிலாந்து. அந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், இன்றைய விளம்பரங்களை எடைபோடுவது சுலபம்.

1963 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரில் ஹெரால்டு வில்சன் ஒரு பேச்சுப் பேசினார். அப்போது அவர் தொழிற்கட்சியின் தலைவர், எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். வானொலி, தொலைக்காட்சி, தபால் மூன்றையும் சேர்த்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பல்கலைக்கழகக் கல்வி கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. ‘வான்வழிப் பல்கலைக்கழகம்’ என்று பெயரும் வைத்தார். அடுத்த ஆண்டு பிரதமரானார்.

யோசனையைக் காரியமாக்கும் பொறுப்பு 1965இல் ஜென்னி லீ என்ற பெண் அமைச்சரிடம் வந்தது. அவர் ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். அதிகாரிகள் முகம் சுளித்தார்கள், பத்திரிகைகள் கேலி செய்தன. பாதிப் பட்டம், சான்றிதழ் படிப்பு என்று ஏதாவது சின்னதாக ஆரம்பிக்கலாமே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அவர் அசையவில்லை. ஏழைக்கு என்று ஒரு மட்டமான பட்டம் தேவையில்லை. மற்றப் பல்கலைக்கழகங்களுக்குச் சமமான பட்டம்தான் வேண்டும் என்று நின்றார்.

1969 ஏப்ரலில் அரச சாசனம் கிடைத்தது. அதற்குள் பெயர் மாறி ‘திறந்தநிலைப் பல்கலைக்கழகம்’ ஆகியிருந்தது. 1970 தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது, ஜென்னி லீயும் தம் தொகுதியை இழந்தார். புதிய ஆட்சியில் இந்தச் செலவு வீண் என்று நினைத்த பெரிய தலைகள் இருந்தன. ஆனால் புதிய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர் அதை மூடாமல் நடக்க விட்டார். பிற்காலத்தில் எத்தனையோ செலவுகளை வெட்டியவர் அவர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது சேர்க்கை விதி. எந்த முன்தகுதியும் தேவையில்லை. வயது வந்தவர் யாரும் விண்ணப்பிக்கலாம். முதலில் கேட்டவருக்கு முதலில் இடம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்களுக்குப் பக்கலொரேயா தேறாதவன் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது. பிள்ளைப் பருவத்தில் ஒரு முறை சறுக்கியவனுக்குக் கதவு மூடியதுதான். அந்தக் கதவையே கழற்றி வைத்த பல்கலைக்கழகம் ஒன்று உண்டு என்று பிற்பாடு படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

1971 ஜனவரியில் சுமார் 24,000 மாணவர்களோடு பாடம் தொடங்கியது. தொடங்கிய அதே மாதத்தில் நாடு முழுவதும் தபால் ஊழியர் வேலைநிறுத்தம். ஏறத்தாழ ஏழு வாரம் கடிதப் போக்குவரத்தே இல்லை. பி.பி.சி.யில் பாடம் ஒழுங்காக ஒளிபரப்பானது, ஆனால் பல்கலைக்கழகம் தவித்துப்போனது. வான்வழி என்று பெயர் சூட்டிப் பிறந்தது, உண்மையில் தபால்காரரின் பையை நம்பித்தான் இருந்தது என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

படிப்பு நடந்த முறையைப் பார்த்தால் காரணம் புரியும். அச்சிட்ட பாடப் புத்தகங்கள் பொட்டலமாக வீட்டுக்கு வரும். அறிவியல் மாணவருக்குச் சிறிய நுண்ணோக்கி, ரசாயனப் பொருட்கள் எல்லாம் அடங்கிய பெட்டியே வரும். சமையலறை மேசைதான் ஆய்வுக்கூடம். விடியற்காலையிலும் நள்ளிரவிலும் தொலைக்காட்சிப் பாடம். கோடையில் ஒரு வாரம் வேறொரு பல்கலைக்கழகத்தில் தங்கி நேரில் படிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், மாணவர் எழுதி அனுப்பும் பயிற்சித் தாள். இதில் இரண்டு வகை. சரியான விடையைக் குறியிடும் தாள்களை அந்த நாளிலேயே கணினி திருத்தியது. கட்டுரைத் தாள்களையோ, பகுதிநேர ஆசிரியர் ஒருவர் படித்து, ஓரத்தில் குறிப்பு எழுதி, எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பவருக்கு, நம் எழுத்தை ஒருவர் படிக்கிறார் என்ற எண்ணமே பாதிப் பலம். அலுவலகத்தில் தபால் பதிவேடு பார்த்தவன் என்பதால் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. போன கடிதத்துக்குப் பதில் வந்தால்தான் காரியம் நடந்ததாகக் கணக்கு.

தொலைக்காட்சி என்ன ஆயிற்று? ஒலிநாடா, ஒளிநாடா, குறுந்தகடு, இணையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வர, 2006 டிசம்பரில் அந்த நள்ளிரவுப் பாட ஒளிபரப்பு நின்றது. பல்கலைக்கழகம் நிற்கவில்லை. இதுவரை 20 லட்சம் பேருக்கு மேல் அங்கே படித்திருக்கிறார்கள். கருவி மாறிக்கொண்டே போயிற்று, தாள் திருத்தும் ஆசிரியர் மட்டும் மாறவில்லை.

நம் நாட்டில் 1962இலேயே டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியிருந்தது. 1982இல் ஆந்திரத்திலும், 1985இல் இந்திரா காந்தி பெயரில் தேசிய அளவிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வந்தன. நம் வட்டாரத்தில் வேலையில் இருந்துகொண்டே பட்டம் வாங்கிப் பதவி உயர்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். இதைப் படிக்கும் உங்களிலும் சிலர் இருப்பீர்கள்.

2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக்குடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் இலவசமாக நடத்தினார். பதிவு செய்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர்தான். அது குறைந்த எண்ணிக்கை என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் கல்லூரியும் ஒரே பாடத்தில் அத்தனை பேரைத் தேற்றியதில்லை. ஆனால் நடுவழியில் நின்றவர்களை ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்திருக்க முடியாது. ஒரு லட்சம் தாளுக்கு ஓரக் குறிப்பு எழுத யாரால் முடியும்?

பேரப்பிள்ளைகள் ஏதாவது இணையவழிப் படிப்பில் சேர யோசனை கேட்டால், வயதான நமக்குக் கணினி தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். கட்டணம், சான்றிதழ், அங்கீகாரம் எல்லாம் விசாரித்த பிறகு இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள்: “நான் எழுதி அனுப்புவதை யார் படிப்பார்கள்? எத்தனை நாளில் பதில் வரும்?” இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் தாராளமாகப் பணம் கட்டலாம்.