மரச்சிப்பாய் மேடை ஏறி இறங்கிய கதை

1816ஆம் வருடம். பெர்லின் உயர் நீதிமன்றத்தில் எர்ன்ஸ்ட் ஹாஃப்மன் என்றொரு நீதிபதி இருந்தார். பகலில் வழக்குக் கட்டு, இரவில் பேய்க்கதை. இரண்டுக்கும் நடுவே இசையும் எழுதுவார். மோட்சார்ட் மீது கொண்ட பித்தில் தன் பெயரிலிருந்த வில்ஹெல்மை நீக்கிவிட்டு அமடேயஸைச் சேர்த்துக்கொண்ட மனிதர். அந்த வருடம் அவருடைய ஓபரா ஒன்றுகூட மேடையேறியது. ஆனாலும் உலகம் அவரை நினைவில் வைத்தது ஓபராவுக்காக அல்ல. நண்பர் ஹிட்சிக்கின் பிள்ளைகளான மரீயையும் ஃப்ரிட்ஸையும் மகிழ்விக்க எழுதிய ஒரு கிறிஸ்துமஸ் கதைக்காக.

கதாநாயகன் ஒரு மரச்சிப்பாய், கொட்டை உடைக்கும் ‘நட்கிராக்கர்’ பொம்மை. அந்தமானில் உள்ள பெரார்கஞ்சின் பாக்குத் தோட்டத்து வீடுகளில் பாக்குவெட்டி செய்கிற வேலையை ஜெர்மனியில் வால்நட்டுக்கு இந்தப் பொம்மையின் தாடை செய்தது. வாயில் கொட்டையை வைத்து முதுகுப்புற நெம்பியை அழுத்தினால் ஓடு உடையும். கதையில் வரும் ஏழு வயது மரீ அவலட்சணமான அந்தப் பொம்மைமேல் பாசம் வைக்கிறாள். நள்ளிரவில் ஏழு தலை எலிராஜா படையோடு வருகிறான். பொம்மைகள் போரிடுகின்றன. கண்ணாடி அலமாரி உடைந்து சிறுமியின் கையில் ரத்தம் கொட்டுகிறது. படித்த விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். இது பிள்ளைகளுக்கான கதையே அல்ல என்றார்கள். ஹாஃப்மன் 1819இல் அதே கதையை இன்னொரு தொகுப்பில் சேர்த்தார். பிள்ளைகளின் கற்பனையைப் பெரியவர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள் என்று அதிலேயே கதாபாத்திரங்களின் வாயால் வாதாடவும் செய்தார். மூன்றே வருடத்தில் இறந்தும் போனார். மரச்சிப்பாயைக் காப்பாற்ற ஜெர்மனியில் எவரும் இல்லை.

காப்பாற்றியவர் பிரான்ஸில் இருந்தார். மூன்று துப்பாக்கி வீரர்களைப் படைத்த அலெக்சாந்தர் துமா. ஒரு விருந்தில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாராம். குழந்தைகள் அவரைக் கட்டிப்போட்டு, ஒரு கதை சொன்னால்தான் விடுதலை என்றார்களாம். முன்னுரையில் அவரே விட்ட கதை இது. துமா சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்வதுதான் நல்லது. ஆனால் 1844இல் அவர் பிரெஞ்சில் திருப்பி எழுதிய பதிப்பு உண்மை. இருட்டைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பெர்தாலின் சித்திரங்கள் வேறு. அந்தச் சர்க்கரைதான் அரை நூற்றாண்டு கழித்து ரஷ்யாவில் ஒருவரின் நாக்கில் ஒட்டியது.

அவர் பேரரசின் நாடக அரங்குகளுக்கு இயக்குநரான வ்சேவலோஷ்ஸ்கி. 1890இல் ‘உறங்கும் அழகி’ பாலே வெற்றி பெற்ற சூட்டோடு, அதே கூட்டணியை மறுபடி அழைத்தார். இசைக்கு சாய்காவ்ஸ்கி, நடனத்துக்கு மாரியுஸ் பெத்திப்பா. எந்தக் காட்சிக்கு எத்தனை தாளக்கட்டு என்றுகூடப் பெத்திப்பா பட்டியல் போட்டு நீட்டினார். சாய்காவ்ஸ்கிக்கு இந்தக் கதையில் மனம் ஒட்டவில்லை. 1891 ஏப்ரலில் அமெரிக்காவுக்குப் போகிற வழியில் பாரிஸில் தங்கியிருந்தபோது, தங்கை அலெக்சாந்திரா இறந்துபோன செய்தியைப் பத்திரிகையில் படித்தார். நொறுங்கிப்போனார். கதையில் வரும் மிட்டாய் தேசத்துக்குத் துள்ளல் இசை போட வேண்டிய மனிதர் இருந்த நிலை அது.

அதே பாரிஸில்தான் அதிர்ஷ்டமும் அடித்தது. முஸ்தேல் குடும்பத்தார் ஒரு புதிய வாத்தியம் செய்திருந்தார்கள். பெயர் செலெஸ்டா. பார்க்கச் சின்னப் பியானோ. கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல்கள் எஃகுத் தகடுகளைத் தட்டும். சாய்காவ்ஸ்கி சொக்கிப்போனார். ஒன்றை வரவழைக்கும்படியும், போட்டி இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கும் கிளாசுனோவுக்கும் மூச்சுவிடக் கூடாது என்றும் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். மிட்டாய் தேவதையின் நடனத்துக்கு அந்த ஒலி. அரேபிய நடனத்துக்கு ஒரு ஜார்ஜியத் தாலாட்டு மெட்டு. 1892 மார்ச்சில் சில துண்டுகளை மட்டும் கோத்துக் கச்சேரியில் வாசித்தார்கள். மறுபடி, மறுபடி என்று அரங்கம் கேட்டது. பாலே ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்த நேரத்தில் பெத்திப்பா படுக்கையில் விழுந்தார்.

வேலை அவருடைய உதவியாளர் லெவ் இவானோவின் தலையில் விழுந்தது. 1892 டிசம்பர் 18. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாரின்ஸ்கி அரங்கம். முதலில் ‘இயோலாந்தா’ ஓபரா, அது முடிந்த பிறகே ‘நட்கிராக்கர்’. மரீயின் பெயர் இங்கே கிளாரா. அந்த வேடத்தில் நடனப் பள்ளி மாணவி ஒருத்தி. நட்சத்திர நர்த்தகி அந்தோனியெத்தா தெல்லேரா இரண்டாம் பாகத்தில்தான் எட்டிப் பார்த்தார். மேடை முழுக்கக் குழந்தைகள், இதெல்லாம் ஒரு பாலேயா என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு ஆகாது என்று புத்தகத்தைத் தள்ளினார்கள். பிள்ளைகள் அதிகம் என்று பாலேயைத் தள்ளினார்கள். மரச்சிப்பாய்க்கு எந்தப் பக்கமும் போக வழியில்லை. பதினொரு மாதத்தில் சாய்காவ்ஸ்கியும் போய்ச் சேர்ந்தார்.

பிறகு ரஷ்யாவுக்கு வெளியே பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் அது உயிர் வாழ்ந்தது. பனிச்செதில் காட்சியை ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் குழு தனியே எடுத்து ஆடியது. 1928இல் பம்பாயில் ருக்மிணி தேவி பார்த்து மயங்கியதும், பிறகு உன் நாட்டுக் கலையைத் தேடு என்று அவரைத் திருப்பிவிட்டதும் இதே பாவ்லோவாதான். அந்தத் திருப்பத்தில் 1936இல் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளி பிறந்தது. மரச்சிப்பாயின் திருப்பமோ ஒரு உலகப் போர் வரும்வரை காத்திருந்தது.

1944. சான் பிரான்சிஸ்கோவில் நடன இயக்குநர் வில்லம் கிறிஸ்டென்சன் முழு ‘நட்கிராக்கரை’ மேடையேற்ற முடிவு செய்தார். முழுதாக ஒருமுறைகூட அதை அவர் பார்த்ததில்லை. போர்க்காலத்தில் துணிக்கே தட்டுப்பாடு. அப்போது ஊருக்கு வந்திருந்த இரண்டு ரஷ்யர்களை வீட்டுக்கு அழைத்தார். ஒருவர் நர்த்தகி அலெக்சாந்திரா தனிலோவா. இன்னொருவர் சிறுவயதில் மாரின்ஸ்கியில் அதே பாலேயில் ஆடிய ஜார்ஜ் பாலன்சின். தனிலோவா எழுந்து ஆடிக் காட்டப் போனார். பாலன்சின் தடுத்துவிட்டார். நடனத்தை அவரே அமைக்கட்டும், நாம் கதையையும் காட்சியையும் சொன்னால் போதும் என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அமெரிக்காவின் முதல் முழு ‘நட்கிராக்கர்’ அரங்கேறியது. ஆனால் அன்று பேசிய பேச்சு பாலன்சினைச் சும்மா விடவில்லை.

1954 பிப்ரவரி 2இல் நியூயார்க்கில் தன் சொந்தப் பதிப்பைக் கொண்டுவந்தார். செலவுக் கணக்கைப் பார்த்த நிர்வாகி, மேடையில் வளர்கிற அந்தப் பிரம்மாண்ட கிறிஸ்துமஸ் மரம் இல்லாமல் ஆட முடியாதா என்று கேட்டாராம். பாலேயே அந்த மரம்தான் என்று பதில் வந்ததாம். மாரின்ஸ்கியில் குற்றமாக இருந்த குழந்தைக் கூட்டம் இங்கே மூலதனமானது. ஆடும் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் வந்தார்கள், கூடவே மற்ற பிள்ளைகளும். 1958 கிறிஸ்துமஸ் அன்று தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. அதே வருடம் வாரன் சாப்பெல் என்ற ஓவியர், கதையோடு சாய்காவ்ஸ்கியின் சுரக்குறிப்புகளையும் அச்சிட்டுப் படப்புத்தகமாக்கினார். நல்ல யோசனைதான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்குச் சுரக்குறிப்பு வெறும் எறும்பு வரிசை. காகிதம் பாட மறுத்தது.

இடையில் சியாட்டிலில் ஒரு திருப்பம். அங்கிருந்த பசிபிக் நார்த்வெஸ்ட் பாலேயின் கென்ட் ஸ்டோவெல் காட்சி வடிவமைக்க அழைத்தது ஒரு மேடைக்காரரை அல்ல, படப்புத்தகக்காரரை. 1963இல் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ வரைந்து, குழந்தைகளைப் பயமுறுத்துகிறார் என்று ஏச்சு வாங்கிய மாரிஸ் சென்டாக். முதலில் மாட்டேன் என்றார். பிறகு ஹாஃப்மனின் மூலக்கதையைத் தேடிப் படித்தார். துமா வடிகட்டிய இருட்டெல்லாம் அங்கே அப்படியே இருந்தது. தன் இனத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். 1983 டிசம்பரில் மேடை. 1984இல் ஹாஃப்மனின் முழுக்கதையும் சென்டாக் படங்களோடு புத்தகம். புத்தகத்திலிருந்து கிளம்பிய சிப்பாய் புத்தகத்துக்கே வந்தான். இசை மட்டும் இன்னும் வெளியே நின்றது.

அதை உள்ளே விட்டது ஒரு சில்லு. திறந்தால் பாடும் வாழ்த்து அட்டைக்குள் இருக்குமே, அந்த மின்னணுச் சில்லு. 2017இல் லண்டனில் ஜெசிகா கோர்ட்னி-டிக்கிள் வரைந்த ‘த ஸ்டோரி ஆர்கெஸ்ட்ரா: த நட்கிராக்கர்’ வெளியானது. பக்கத்தில் அச்சிட்ட சுரக்குறியை அழுத்தினால் அந்தக் காட்சிக்கான சாய்காவ்ஸ்கி இசை சில நொடி ஒலிக்கும். மொத்தம் 10 இடங்கள். கெட்டி அட்டை, பின்பக்கம் பேட்டரி. பேசத் தெரியாத பிள்ளைகூட அழுத்தி அழுத்திப் பெற்றோரின் பொறுமையைச் சோதிக்கிற அந்தப் பொத்தான் புத்தகம் பிறந்தது இப்படித்தான். போட்டியாளர் காதில் விழாமல் ஒளித்துக் கொண்டுவந்த செலெஸ்டாவும் அதில் ஒரு பொத்தான்.

பெரார்கஞ்சில் பாலே அரங்கம் கிடையாது. சென்னையிலும் வருடந்தோறும் பார்க்கிற பழக்கம் இல்லை. அந்தமான் சாலையில் பேருந்து பிடித்து எந்த ஊருக்குப் போனாலும் கிளாராவைக் காண முடியாது. புத்தகம் மட்டும் கப்பலேறி வந்துவிடும். சில நொடி இசை பாலே ஆகாதுதான். ஆனால் முதல் அறிமுகத்துக்கு அது போதும். சான் பிரான்சிஸ்கோவில் மரச்சிப்பாய் மேடையேறிய அதே 1944இல்தான் ருக்மிணி தேவி ‘குற்றாலக் குறவஞ்சி’யை நாட்டிய நாடகமாக்கினார். குறத்தியும் சிங்கனும் சண்டை போடும் கட்டத்துக்கு ஒரு பொத்தான், பந்தாட்டத்துக்கு ஒரு பொத்தான் என்று அதையும் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்துக்குள் கொண்டுவரத் தமிழ்ப் பதிப்பாளர்கள் முன்வர வேண்டும்.