பொழுது பார்க்காத செடி

ஸ்கார்பரோவில் இருக்கும் நண்பன் ஒரு எக்செல் ஃபைல் அனுப்பியிருந்தான். கல்லூரியில் என் ரூம்மேட். ஒரு நாளுக்கு ஒரு வரிசை. உயரம், வெப்பம், ஈரப்பதம், தண்ணீரின் பிஹெச், கடைசியில் குறிப்பு. 34ஆம் நாளின் குறிப்பில் "கீழ் இலைகள் மஞ்சள்" என்று இருந்தது. கூடவே வாட்ஸாப்பில் ஒரு படமும் வாய்ஸ் நோட்டும். "மச்சி, எவ்ளோ பக் பாத்திருப்ப நீ. இது எதனாலன்னு சொல்லு."

செடி, கஞ்சா. கனடாவில் 2018 அக்டோபர் 17ஆம் தேதி சட்டம் மாறியது. அவன் இருக்கும் ஒன்டாரியோவில் வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். பீரோ அளவுக் கூடாரம், எல்இடி விளக்கு, சின்ன ஃபேன். வளர்ப்பது ஆட்டோஃப்ளவர் என்ற வகை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கீழே உள்ள பழைய இலை முதலில் வெளுத்தால் நைட்ரஜன் குறைச்சலாக இருக்கலாம்; செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும். உச்சியில் புது இலை வெளுத்தால் கதை வேறு, இரும்பைச் சந்தேகப்படலாம். மண்ணில் எல்லாம் இருந்தும் வேர் எடுக்க முடியாமல் போவதும் உண்டு. லாக் பார்க்காமல் உரத்தை ஊற்றாதே என்றேன். "டைம் இல்லடா, இது வெயிட் பண்ணாது" என்றான். சாதாரண வகைக்கு நோய் வந்தால் விளக்கை நீண்ட நேரம் எரியவிட்டு, பூப்பதைத் தள்ளிப்போட்டுத் தேற்றிக்கொள்ளலாம். ஆட்டோஃப்ளவருக்கு வயதுதான் கணக்கு. நோஞ்சானாக இருந்தாலும் நாள் வந்தால் பூத்துவிடும்.

அந்த மெசேஜ் வந்தபோது நான் ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். போளூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்ததற்குக் காரணமும் இதே செடிதான். 1893-94இல் அமர்ந்த இந்திய கஞ்சா கமிஷனின் அறிக்கையைச் சில மாதங்களாக ராத்திரிகளில் ஸ்கேன் பிரதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். சென்னை மாகாணத்தில் கஞ்சா பயிரான இடங்கள் என்று அதில் வரும் பெயர்களில் ஒன்று கிருஷ்ணா மாவட்டத்துப் பகுதி, இன்னொன்று வட ஆற்காட்டின் ஜவ்வாது மலை. பயிரிட்டவர்கள் மலையாளிகள். (கேரளாக்காரர்கள் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து மூதாதையர் வந்ததாக அவர்களுடைய கதை.)

கமிஷன் பிறந்த விதம் ஒரு வேடிக்கை. வில்லியம் கெய்ன் என்ற மதுவிலக்குக்கார எம்.பி. 1893 மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். இந்தியர்கள் கஞ்சாவால் கெட்டுப்போகிறார்கள், தடை செய்ய விசாரியுங்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. மெக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர், அதில் மூவர் இந்தியர்கள். 70 கேள்விகளைத் தயாரித்தார்கள், 1,193 சாட்சிகளைக் கேட்டார்கள், மூவாயிரத்துக்கும் மேல் பக்கங்கள் எழுதினார்கள். கடைசியில் மிதமான பழக்கத்தால் பெரிய தீங்கில்லை, முழுத் தடை தேவையில்லை, உரிமம் கொடுத்துக் குறிப்பிட்ட பகுதிகளுக்குள் சாகுபடியை அடக்கி வரி போடுங்கள் என்று முடித்தார்கள். கெய்ன் என்ன முகத்தோடு படித்திருப்பாரோ.

எனக்குப் பிடித்தது அந்த முடிவை விட, செடியைப் பற்றிய பக்கங்கள். வரி போட வேண்டுமென்றால் செடி எப்போது என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமே. விதைப்பு, நாற்று, களை, பூ, அறுவடை என்று நண்பனின் எக்செல் போலவேதான் போகிறது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் டேவிட் பிரெய்ன் 1893இல் வங்காளக் கஞ்சாவைப் பற்றித் தனியாக ஒரு அறிக்கையே எழுதினார். வங்காளத்தின் நவ்காவ் வயல்களில் 'கஞ்சா டாக்டர்' என்றே ஒரு தொழில் இருந்திருக்கிறது. இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் பூ மலர்ந்து மகரந்தம் பறந்துவிட்டால் பெண் செடிகள் விதை பிடித்துவிடும், சரக்கு கெட்டுவிடும். அதனால் மலர்வதற்கு முன்பே, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மொட்டுப் பருவத்திலேயே, ஆணைக் கண்டுபிடித்து அகற்ற வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வதற்குக் கூலி.

அது லேசான வேலை இல்லை. ஐரோப்பாவில் நாருக்காக இதே இனத்தை வளர்த்தவர்கள் பல நூற்றாண்டுகள் ஆணைப் பெண் என்றும் பெண்ணை ஆண் என்றும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஆண் செடிக்கு இருந்த 'ஃபிம்பிள்' என்ற பேரே 'பெண்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

செடிக்கு நாள் எப்படித் தெரிகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1912 வாக்கில் பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்ற இளம் ஆய்வாளர் கஞ்சாச் செடிக்கும் ஹாப்ஸ் கொடிக்கும் வெளிச்சத்தை ஒரு நாளைக்குச் சில மணி நேரமாகக் குறைத்துப் பார்த்தார். சின்னஞ்சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிட்டன. காரணத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர் முதல் உலகப் போரில் செத்துப்போனார். 1920இல் அமெரிக்காவில் கார்னரும் ஆலார்டும் அதற்கு ஃபோட்டோபீரியாடிசம் என்று பெயர் வைத்தார்கள். செடி எண்ணுவது பகலின் நீளத்தை. இன்னும் சரியாகச் சொன்னால் இரவின் நீளத்தை.

நம் ஊர் விவசாயிக்கு இதைப் பெயரில்லாமல் தெரியும். சம்பாவைப் பட்டம் தப்பி நட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். பழைய சம்பா ரகங்கள் பல பொழுது குறுகுவதைப் பார்த்துக் கதிர் விடுபவை. 1966இல் வந்த ஐஆர்-8 பொழுதைப் பார்க்காது, நாளை மட்டும் எண்ணும். வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் அந்த நெல்லின் மேலிருந்த பிரியத்தில் மகனுக்கே ஐஆர் எட்டு என்று பெயர் வைத்தார். ஆட்டோஃப்ளவர் கஞ்சாவின் ஐஆர்-8. தெற்கு ரஷ்யாவில் களையாகக் கிடந்த ஒரு குட்டைச் செடிக்கு யானிஷெவ்ஸ்கி 1924இல் 'ருடராலிஸ்' என்று பேர் வைத்தார். கோடை சீக்கிரம் முடிந்துவிடும் ஊரில் பொழுது குறையட்டும் என்று காத்திருந்தால் விதை முற்றாது, அதனால் வயதை வைத்தே பூக்கும். அந்தக் குணத்தைக் கலந்து எடுத்ததுதான் நண்பனின் கூடாரத்தில் நிற்பது. டொரன்டோவில் நீளமான பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் ஆறரை மணி நேர வித்தியாசம். ஜவ்வாது மலையில் ஒன்றரை மணி நேரம்தான். அவ்வளவு சின்ன மாற்றத்தைப் பார்த்து நாள் குறித்த செடிகள் இந்த மலையில் நின்றிருக்கின்றன. (இதே மலையில்தான் காவலூர் வானோக்ககம். இடத்தைத் தேர்ந்ததற்கு இந்த அட்சரேகையும் ஒரு காரணம், தெற்கு வானமும் தெரியும்.)

1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அதிலும் செடியின் பருவம்தான் வரையறை. பூக்கும் அல்லது காய்க்கும் நுனிதான் கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா இல்லை. ஆனால் செடியை வளர்ப்பது, எந்தப் பருவமானாலும், குற்றம். பத்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தன் நிலத்தில் யாராவது பயிரிட்டிருப்பது தெரிந்தால் நிலத்துக்காரர் தானாகவே போய்த் தகவல் சொல்ல வேண்டும், மறைத்தால் அதுவும் குற்றம்.

டீக்கடையில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் அதுவரை சாமையைப் பற்றி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். எந்த மழைக்கு விதைப்பது, எத்தனை நாளில் கதிர், பறவைக்கு என்ன பண்ணுவது எல்லாம். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கஞ்சா பயிர் வைத்ததாக எழுதியிருக்கிறதே ஐயா என்று மெதுவாகக் கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேச்சு வாணாம் தம்பி. எங்க ஆளுங்கள எங்க பாத்தாலும் புடிக்கிறான். செம்மரம்னு புடிக்கிறான், இதுன்னு புடிக்கிறான். எழுதிக் கிழுதி வெச்சிடாதீங்க."

2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரில் பலர் இந்த மலைப் பக்கத்து ஆட்கள். அவர் பயத்தை நான் எந்த வாயால் தப்பு என்று சொல்வது? கமிஷனின் கேள்விகளுக்கு அவருடைய பாட்டனாரின் பாட்டனார் பயமில்லாமல் பதில் சொல்லியிருக்கலாம். அவரிடம் கேட்கவே எனக்கு நாக்கு தடுமாறியது.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் போனை எடுத்தேன். திறந்திருந்தது நண்பன் அனுப்பிய படம். மூட வந்த விரலை அவர் தடுத்தார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணிய ஊத்திக்கினே இருக்கான். வேருக்கு மூச்சு இல்ல. காயவிடச் சொல்லு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார். "நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

நண்பனுக்கு அனுப்பினேன். 35ஆம் நாள்: தண்ணீர் இல்லை. 36: தண்ணீர் இல்லை. 37: தண்ணீர் இல்லை. 41: புது இலை பச்சை, பூ தெரிகிறது. "யார்றா சொன்னது?" என்று கேட்டிருந்தான். இன்னும் பதில் போடவில்லை.