அரச ஊர்தியும் ஊவாத் தோட்டப் பாதையும்

அரச ஊர்திகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஊர்தியில் அமர்ந்தோரையே நோக்குவர். அவ்வூர்தி எவருடைய உழைப்பின்மீது உருண்டது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

ஹைதராபாத் நிஜாமின் றோல்ஸ் றோய்ஸ் மோட்டார் வண்டி இதற்குத் தக்க சான்றாகும். ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலிகான் பணித்த இவ்வண்டி 1912இல் ஆக்கப்பட்டது. 1911இலேயே அவர் மறைந்தமையால் அது அவர் மகன் ஒஸ்மான் அலிகானைச் சேர்ந்தது. மஞ்சள் வண்ணமும், பின்புறத்தே அரியணைபோல் உயர்த்தப்பட்ட இருக்கையும் கொண்ட இவ்வண்டி 1947 வரை ஓடிய தூரம் 356 மைல்கள் மாத்திரமே என்பர். முதலாளித்துவத்தின் புதிய பொறியைப் பெற்ற நிலமானிய அரசு, அதனைத் தேராகவே கையாண்டது.

ஆயின், தேருக்கு மரச்சக்கரம் போதும்; மோட்டார் வண்டிக்கு இறப்பர் வேண்டும். பிரேசில் விதைகளிலிருந்து கியூ பூங்காவில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தன. 1910ஆம் ஆண்டளவில் மோட்டார்த் தொழிலின் பெருக்கம் இறப்பர் விலையை உச்சத்துக்கு உயர்த்தியது; தோட்டங்கள் பெருகின. ஊவாவில் பதுளை மலைகள் தேயிலைக்கும், மொனறாகலைச் சரிவுகள் இறப்பருக்கும் உரியனவாயின. அங்கு உழைத்தோருட் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து வந்தோராவர்.

கோப்பிக் காலத்தில் அவர்தம் முன்னோடிகள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை, நூறு மைலுக்கு மேல், காட்டுவழியே நடந்தனர். ஊவாவுக்குச் சென்றோர்க்கு அதன் பின்னும் மலைவழி எஞ்சியிருந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இலேயே. நிஜாமின் வண்டி முப்பத்தைந்து ஆண்டுகளில் ஓடிய தூரத்தில் மூன்றிலொரு பகுதிக்குக் குறையாத தொலைவை ஒரு தொழிலாளி ஒரே பயணத்தில் கால்நடையாகக் கடந்தான் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பதுளையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். எனினும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவரைத் தெரிவு செய்த மக்களுட் பெரும்பாலாரின் வாக்குரிமையைப் பறித்தன. 1954இல் இரண்டாம் எலிசபெத், இலங்கையின் அரசி என்னும் நிலையில், நாட்டை வலம் வந்தார். வழியோரத்துத் தோட்ட மக்களுட் பெரும்பாலார் அப்போது அந்நாட்டின் குடிகளாகவே கருதப்படவில்லை. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களின் பின்னரே நாடற்றோர் நிலை சட்டத்தளவில் தீர்ந்தது.

நிஜாமின் வண்டி இன்று சௌமஹல்லா அரண்மனையில் பேணப்படுகின்றது. ஊவாவின் லயங்களிலோ அத்தொழிலாளரின் சந்ததியினர் இன்றும் வாழ்கின்றனர். ஊர்தியைப் பேணி உழைப்பாளரை மறக்கும் வரலாறு, முழுமையான வரலாறு ஆகாது என்பதே நமது துணிபு.