எதிர்முகாமின் தலைவன்: குற்றப் புனைவில் ஒரு வில்லன் உருவான வரலாறு

மாஃபியா தலைவனுக்கு எதிராக இன்னொரு தலைவனை வில்லனாக நிறுத்துவது இன்று பழகிப்போன உத்தி. குற்றப் புனைவின் தொடக்க காலத்தில் அது இல்லை. தலைவனே கதாநாயகனாக உயர்த்தப்பட்ட பிறகுதான் இப்படியொரு வில்லன் தேவைப்பட்டான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1920 ஜனவரியில் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சாராயச் சந்தையைப் பங்குபோடுவதில் சிகாகோ கும்பல்கள் மோதிக்கொண்டன. 1924 நவம்பரில் வடபகுதிக் கும்பலின் தலைவன் டீன் ஓபானியன் தன் பூக்கடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். எழுத்தாளர்களுக்குக் கதைக்கரு அன்றாடம் செய்தித்தாளில் வந்து விழுந்தது.

ஆனால் அக்காலத்தின் தலையாய நாவலில் வில்லன் இவன்தான் என்று ஒருவனைக் காட்ட முடியாது. பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்த டாஷியல் ஹாமெட், ‘பிளாக் மாஸ்க்’ இதழில் தொடராக எழுதி 1929இல் நூலாக வெளியிட்ட ‘ரெட் ஹார்வெஸ்ட்’ அது. ஒரு சுரங்க நகரத்தைப் பல கும்பல்கள் கூறுபோட்டு வைத்திருக்கின்றன. வெளியூரிலிருந்து வரும் பெயரில்லாத துப்பறிவாளன் அவர்களை ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிடுகிறான். நாவலின் முக்கியமான கட்டம் ஒரு சமாதானக் கூட்டம். கொலைகளால் அலுத்துப்போன காவல்துறைத் தலைவர் நூனன் கும்பல் தலைவர்களோடு ஒரே அறையில் உட்காருகிறார். துப்பறிவாளனோ ஒவ்வொருவரின் துரோகத்தையும் சபையில் போட்டு உடைக்கிறான். கூட்டம் கலைந்த சற்று நேரத்தில் நூனன் உயிரோடு இல்லை. அந்த அறையில் வாசகர் யார் பக்கமும் சாய வழியில்லை. எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

அதே ஆண்டில் வந்த பர்னெட்டின் ‘லிட்டில் சீசர்’ கும்பலுக்குள்ளிருந்தே கதை சொன்னது. அங்கே மற்ற தலைவர்கள் நாயகன் மிதித்து ஏறும் படிகள், அவ்வளவுதான். உண்மையான திருப்பம் ஹாமெட்டின் ‘தி கிளாஸ் கீ’ (1931). நாயகன் நெட் போமான்ட் ஓர் அரசியல் தாதாவின் நண்பன். ஆகவே வாசகரும் அந்தப் பக்கத்து ஆளாகிவிடுகிறார். எதிர்த்தரப்புத் தலைவன் ஷாட் ஓரோரி முதலில் பணமும் சூதாட்ட விடுதியும் தருவதாக ஆசை காட்டுகிறான். மசியாதவனை அடியாட்களிடம் விடுகிறான். இந்த வகை வில்லனின் முழு வடிவத்தை நான் முதலில் காண்பது இங்கேதான்.

பிறகு நீண்ட இடைவெளி. 1934இல் ஹாலிவுட் தணிக்கை விதிகள் இறுகின. 1950-51இல் குற்றக் கும்பல்களைப் பற்றிய செனட் கெஃபாவர் குழுவின் விசாரணை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது மக்கள் மனத்தில் பதிந்தது நாடு தழுவிய, முகமில்லாத ஓர் அமைப்பு. முகங்கள் திரும்பிவந்தது 1963இல், மாஃபியா உறுப்பினன் ஜோ வலாச்சி செனட் குழுவின் முன் ‘குடும்பங்க’ளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியபோது.

மாரியோ பூசோவின் ‘தி காட்ஃபாதர்’ (1969) அந்தக் குடும்பங்களின்மேல் கட்டப்பட்டது. இங்கும் சமாதானக் கூட்டம் உண்டு, ஒரு வங்கியின் ஆலோசனை அறையில். அங்கே பேச்சு நாகரிகமாக நடக்கிறது. தன் மகனின் கொலைக்குப் பின்னால் இருந்தது, போட்டிக் குடும்பத் தலைவர்களில் டட்டாலியா அல்ல, பார்சினி என்பதை டான் கோர்லியோன் அந்தப் பேச்சிலிருந்தே கண்டுகொள்கிறார். துப்பாக்கியோடு எதிரில் நின்ற போட்டியாளன் இப்போது மேசைக்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

பூசோ செய்த இன்னொரு வேலை இதைவிடத் தந்திரமானது. போதைப்பொருளுக்கு மறுப்புச் சொல்பவர் கோர்லியோன். கேட்டு வருபவன் சொலாட்சோ. பாவத்தின் சுமை முழுவதும் எதிர்முகாமுக்குப் போய்விடுகிறது. வரலாறு இந்தப் பாகப்பிரிவினையை ஏற்காது: நியூயார்க்கின் பெரிய தலைவர்களில் ஒருவரான விட்டோ ஜெனோவீஸ் 1959இல் தண்டிக்கப்பட்டதே போதைப்பொருள் வழக்கில்தான். நாவல் வெளிவருவதற்கு முந்தைய மாதம் அவர் சிறைக்காவலில் இறந்தார்.

மாஃபியாவின் தாய்மண்ணில் எழுதிய லியோனார்டோ ஷாஷாவுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. அவரது 1961ஆம் ஆண்டு நாவலில் டான் மரியானோவுக்கு எதிரே நிற்பவர் பார்மாவிலிருந்து வந்த காவல் அதிகாரி பெல்லோடி. தலைவனைத் தாங்கிப் பிடிப்பது ரோமின் அரசியல்.

தமிழ்த் திரை தேர்ந்துகொண்டது பூசோவின் வழியை. ‘நாயக’னில் (1987) காட்ஃபாதரின் நிழல் வெளிப்படை. ‘பாட்ஷா’வில் (1995) மார்க் ஆன்டனியின் ஆட்கள் நண்பனைக் கொன்ற பிறகுதான் மாணிக்கம் பாட்ஷா என்னும் தாதாவாகிறான். குற்றமெல்லாம் ஆன்டனியின் கணக்கில் எழுதப்படுகிறது. பாட்ஷாவின் தொழில்தான் என்ன என்பதைப் படம் மெனக்கெட்டுச் சொல்வதில்லை.